கொழும்புக் கோச்சியில் யன்னலோரம்: காங்கேசன்துறையிலிருந்து பார்த்துக்கொண்டு போவது எப்படி

பதுளைப் பாதையில் காட்சி தானாகவே வந்து யன்னலில் நிற்கும். நித்திரை கொள்கிறவரைக்கூடப் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பி மலையைக் காட்டுவார். வடபாதை அப்படியல்ல. காங்கேசன்துறையிலிருந்து குருநாகல் கிட்டும் வரை அநேகமாகச் சமதரைதான். அதனால் "பார்க்க ஒன்றுமில்லை" என்று ஏறியவுடன் கைத்தொலைபேசியை எடுத்துவிடுகிறோம். இந்தப் பாதையில் பார்க்க இருப்பவை மாற்றங்கள்: மண்ணின் நிறம், வேலி, மரம், தண்ணீர். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு ஒருமுறை இவற்றில் ஒன்று மாறிவிடும். எது எங்கே மாறும் என்று தெரிந்து வைத்திருந்தால் சமதரையும் சுவைக்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கொழும்பு வரை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதில் மிக நல்ல துண்டு முதல் 70 கிலோமீற்றர், அதாவது காங்கேசன்துறை தொடக்கம் ஆனையிறவு வரை. அந்த நேரத்தில்தான் பயணிகள் பொதிகளை மேலே ஏற்றுவார்கள், ஆசன எண்ணுக்காக வாதாடுவார்கள், இடியப்பப் பொதியை அவிழ்ப்பார்கள். திரும்பி வரும்போது அதே துண்டு கடைசியில் வரும். அப்போது பொதிகளை இறக்குவதும் வீட்டுக்குக் கோல் எடுப்பதுமாக இருப்பார்கள். ஆகவே முதலாவது விதி இது: போகும்போது பரந்தன் தாண்டும் வரை சாப்பாட்டுப் பொதியைத் திறக்க வேண்டாம், வரும்போது பரந்தனுக்கு முன்பே பொதிகளைக் கட்டி முடித்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் இருப்பது

கொழும்பை நோக்கிப் போகும்போது உங்கள் வலக்கை மேற்கு, இடக்கை கிழக்கு. யாழ்ப்பாணத்துக்கும் பளைக்கும் இடையில் பாதை தென்கிழக்காகச் சாய்வதால் அங்கே வலக்கை தென்மேற்குப் பக்கமாகும். யாழ்ப்பாணக் கடனீரேரி அந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது. அநுராதபுரத்துத் தூபிகளும் வலப்பக்கம். அதற்குப் பிறகு வரும் யாப்பகுவப் பாறையும் குருநாகல் ஆனைக்கல்லும் இடப்பக்கம். ஆகவே வலப்பக்க ஆசனத்தில் தொடங்கி, அநுராதபுரம் தாண்டியதும் இடப்பக்கத்துக்கு மாறுவது நல்லது. அநுராதபுரத்தில் ஆட்கள் இறங்குவதால் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. கிடைக்காவிட்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த நேரம் பெரும்பாலானவர் நித்திரை.

காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுகிறவருக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் சேர்கிறது. காலை வெயில் கிழக்கிலிருந்து இடப்பக்கமாக வரும். நீங்கள் வலப்பக்கம் நிழலில் இருப்பீர்கள், கடனீரேரியோ வெளிச்சத்தில் இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு வெயில் மேற்குக்குப் போய்விடும். அதற்குள் நீங்கள் இடப்பக்கம் மாறியிருப்பீர்கள். அப்போது யாப்பகுவக் கல்லில் வெயில் நேராக விழுந்து அதன் வெடிப்பும் மடிப்பும் துலக்கமாகத் தெரியும். நிழலும் காட்சியும் ஒரே பக்கத்தில் அமைகின்றன. காலையில் கொழும்பிலிருந்து வருகிறவருக்கு எல்லாம் தலைகீழ். பாறைகள் வெயிலுக்கு எதிராகக் கறுப்பாகத் தெரியும். ஆனையிறவில் பின்னேர வெயில் கடனீரேரிப் பக்கத்து யன்னலால் முகத்தில் அடிக்கும். அவர் தொப்பியோ துவாயோ கொண்டு வர வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்காக எழுவதால் யாழ்ப்பாணத்திலிருந்து பளை வரை வெயில் ஏறக்குறைய முன்னாலிருந்துதான் வரும். அப்போது எந்தப் பக்கத்திலும் பெரிய கூச்சம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் சூரியன் மறைவது கார்த்திகையில் மாலை 5.50ஐ ஒட்டி, ஆடியில் 6.35ஐ ஒட்டி. பின்னேரம் கொழும்பிலிருந்து வரும் ரயில் அந்த நேரத்தில் ஆனையிறவைக் கடக்குமானால், மேற்கு யன்னலுக்கு ஈடாக இந்தப் பாதையில் வேறொன்றும் இல்லை. நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் புறப்படும் நேரங்களை இங்கே தரவில்லை. ரிக்கற் எடுக்கும்போது கொழும்பு நேரத்தை மட்டும் கேட்காமல் ஆனையிறவுக்கு அடுத்துள்ள கிளிநொச்சியில் எத்தனை மணிக்கு நிற்கும் என்றும் கேளுங்கள். அந்த ஒரு நேரம் தெரிந்தால் வெளிச்சத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

பெட்டியும் ஆசனமும்

குளிரூட்டிய பெட்டி உடம்புக்குச் சுகம், கண்ணுக்கு நட்டம். யன்னல் திறக்காது. கண்ணாடியில் மாரியின் சேறும் கோடையின் புழுதியும் படிந்திருந்தால் ஏழு மணித்தியாலமும் அதனூடாகத்தான் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டு போகிறவருக்கு ஏற்றது, யன்னல் திறக்கும் இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பு முன்பதிவுப் பெட்டி. முன்பதிவு சுமார் ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கும். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நல்லூர்த் திருவிழாக் காலங்களில் யன்னலோரம் முதல் நாளிலேயே போய்விடும். முன்பதிவுக்குக் கொடுத்த அடையாள அட்டையைப் பயணத்திலும் கொண்டு போங்கள்.

ஆசனத்தைத் தெரியும்போது மூன்று விடயம் பாருங்கள்.

முதலாவது, எஞ்சினுக்கு அடுத்த பெட்டி வேண்டாம். டீசல் புகையும் ஹோர்ன் சத்தமும் நேரே வரும். நடுவிலுள்ள பெட்டிகள் நல்லது. வளைவுகளில் எஞ்சினையும் கடைசிப் பெட்டியையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, "யன்னலோரம்" என்று எழுதிய ஆசனமெல்லாம் யன்னலோரம் ஆகாது. சில ஆசனங்களுக்கு நேரே இரண்டு யன்னலுக்கு இடைப்பட்ட சட்டம்தான் வந்து நிற்கும். பெட்டியின் நடுப்பகுதியிலேயே யன்னலும் ஆசனமும் பெரும்பாலும் ஒத்து வரும்; கழிவறைக்குக் கிட்டவுள்ள முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் பிசகும்.

மூன்றாவது, முகம் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பின்னோக்கி இருந்தால் ஒவ்வொன்றும் கடந்து போன பிறகுதான் கண்ணில் படும். சிலருக்குத் தலைச்சுற்றும் வரும்.

ஏறுவதற்கு யாழ்ப்பாணத்தைவிடக் காங்கேசன்துறை மேல். வண்டி புறப்படும் இடம் அது, அவசரம் இல்லை. நனைத்துப் பிழிந்த துணி ஒன்று கொண்டுபோய், வண்டி நிற்கும்போதே மேடையில் நின்று உங்கள் யன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் அதற்கு நேரம் இராது. யன்னல் மறைப்பை உயர்த்தினால் கொளுவி சரியாகப் பொருந்தியதா என்று ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். அரைகுறையாகக் கொளுவிய மறைப்பு வண்டி குலுங்கும்போது கீழே விழுந்து விரலை நசுக்கும்.

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை அடிக்கும் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வரும். அது நீங்கள் இருக்கும் வலப்பக்கத்து யன்னல்தான். கண்ணுக்குள் மண் விழாமல் வெறும் மூக்குக்கண்ணாடி ஒன்றாவது போடுங்கள். ஒரு போத்தல் தண்ணீர் முகம் கழுவவும் உதவும்.

கண்ணை எங்கே வைப்பது

யன்னலுக்கு நேரே பக்கவாட்டில் பார்ப்பதுதான் பொதுவான பிழை. மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 25 மீற்றர் போகிறது. ஐந்து மீற்றர் தள்ளியிருக்கும் வேலி வெறும் கோடாகத் தெரியும். ஐந்நூறு மீற்றர் தள்ளியிருக்கும் பனை அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். ஆகவே ஓடும் திசையில் சற்றுச் சாய்வாக, தூரத்தைப் பாருங்கள். ஒரு பொருளைத் தூரத்திலேயே பிடித்துக்கொண்டு அது கிட்ட வந்து கடக்கும் வரை கண்ணால் தொடருங்கள். தலைச்சுற்றும் குறையும்.

படம் எடுப்பதற்கும் இதே கணக்கு. நூறில் ஒரு வினாடி திறந்தால் அதற்குள் வண்டி 25 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். கிட்ட உள்ளதெல்லாம் மங்கும். ஆயிரத்தில் ஒரு வினாடியில் நகர்வது 2.5 சென்ரிமீற்றர் மட்டுமே. கைத்தொலைபேசியில் வேகத்தை நீங்களே வைக்கும் வசதி இருந்தால் ஆயிரத்துக்கு மேல் வையுங்கள். இல்லாவிட்டால் நல்ல வெயிலில், தூரத்துக் காட்சியை மட்டும் எடுங்கள். கண்ணாடி மூடியிருந்தால் கமராவைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, கறுப்புத் துணியால் சுற்றி மறையுங்கள். உள்ளே எரியும் விளக்கின் தெறிப்பு விழாது. பிளாஷ் கட்டாயம் நிறுத்த வேண்டும். தொலைபேசியை யன்னலுக்கு வெளியே நீட்டுவதானால் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். நீட்டாமல் விடுவது அதைவிட நல்லது.

வாசலில் தொங்குவதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கைகாட்டித் தூண், பாலத்து இரும்பு, கடவைக் கம்பம் எல்லாம் கை எட்டும் தூரத்தில் கடக்கும். வாசலால் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே ஓர் அடி தள்ளி நின்று இரண்டு கையாலும் பிடியுங்கள். படியில் இருந்து காலைத் தொங்கப்போட்டால் மேடையின் விளிம்பு காலில் அடிக்கும்.

வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வன்னியில் சில இடங்களில் இணைப்பு விட்டுவிட்டு வரும், ஆனால் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளிக்கு இணைப்புத் தேவையில்லை. இரும்புப் பெட்டிக்குள் அது தடுமாறினால் தொலைபேசியை யன்னலோடு ஒட்டி வையுங்கள். சிறுவர்களுக்கு இதைவிட ஒரு கடதாசித் துண்டு நல்லது. நிலையப் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வருவார்கள்: காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம், புங்கங்குளம், நாவற்குழி, தச்சன்தோப்பு, சாவகச்சேரி, சங்கத்தானை, மீசாலை, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள், பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி. கடுகதி வண்டி இவற்றில் பலவற்றில் நிற்காது, பெயர்ப்பலகை பறந்துவிடும். அதையும் தூரத்திலேயே பிடித்து வாசிக்கப் பழக வேண்டும்.

செம்மண்ணிலிருந்து உப்புத் தரவை வரை

காங்கேசன்துறையில் வண்டி புறப்பட்டதும் இரண்டு பக்கமும் செம்மண் தோட்டங்கள். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதே கல்லை நம்பித்தான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை இயங்கியது. குடாநாட்டில் ஆறு என்று சொல்லும்படி எதுவும் ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. மழைநீர் இந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தங்கும், கிணறு அதை மேலே எடுக்கும். அதனால்தான் சிறு சிறு துண்டுத் தோட்டங்களாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிணறாக இந்த நிலம் தெரிகிறது. வெங்காயம், புகையிலை, வாழை, மரவள்ளி எல்லாம் மாறி மாறி வரும். வெங்காயப் பாத்திகளுக்கு இடையில் வாய்க்கால் ஓடும் ஒழுங்கை வண்டியின் உயரத்திலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகைபோல் தெரியும். வீதியால் போகிறவருக்கு மதில் மறைக்கும். தண்டவாளம் தோட்டங்களின் முதுகுப்பக்கமாகப் போவதால் உங்களுக்கு மறைக்காது. தெல்லிப்பழைக்கு வடக்கே வீடுகளுக்கு இடையில் பற்றை மூடிய காணிகளும் கூரையற்ற சுவர்களும் வரும். நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த நிலம் அது.

கொக்குவில் தாண்டியதும் தோட்டம் மறைந்து வீட்டுக் கொல்லைகள் வரும். யாழ்ப்பாணம் நிலையத்தில் சற்று நேரம் நிற்கும். 1902இல் குடாநாட்டுக்குள் ஓடத் தொடங்கி 1905இல் கொழும்போடு இணைந்த பாதை இது. யாழ்தேவி கடுகதி வண்டி ஓடத் தொடங்கியது 1956இல். 1990இல் எல்லாம் நின்று, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போர்க்காலப் பதுங்குகுழிகளுக்குப் போயின. மீண்டும் 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 தையில் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. ஓமந்தைக்கு வடக்கே நிலையங்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் புதிதாக இருப்பதற்கு அதுதான் காரணம். பழைய நிலையக் கட்டடக்கலை பார்க்க விரும்புகிறவர் தெற்கே போகும் வரை பொறுக்க வேண்டும்.

புங்கங்குளம் போனதும் தயாராகுங்கள். அரியாலைக்கும் நாவற்குழிக்கும் நடுவில் வண்டி தண்ணீரைக் கடக்கும். வலப்பக்கம் கடனீரேரி, இடப்பக்கம் செம்மணி வெளியும் உப்பாற்றுப் பக்கமும். இந்த இடம் ஓரிரு நிமிடத்தில் போய்விடும், ஆகவே எதைப் பார்ப்பது என்று முன்பே தீர்மானியுங்கள். தண்ணீரில் வரிசையாகக் கம்புகள் நட்டு, அவற்றில் வலை கட்டியிருப்பது தெரிந்தால் அது சிறகுவலை. வற்றோடு வரும் இறாலையும் மீனையும் சிறகுபோல் விரிந்த இரண்டு பக்கமும் நடுவிலுள்ள கூட்டுக்குள் தள்ளிவிடும். இடுப்பளவு தண்ணீரில் ஆள் நடந்து போவதைப் பார்த்தால் வியக்க வேண்டாம். கடனீரேரி பல இடத்தில் அவ்வளவுதான் ஆழம். மாரியில் தண்ணீர் தண்டவாள அணையின் அடி வரை வரும். ஆடி, ஆவணியில் சேறு வெடித்து வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். ஒரே இடத்தை இரண்டு காலத்திலும் பார்த்தவருக்குத்தான் அதன் முழு உருவம் தெரியும்.

நாவற்குழி தாண்டினால் மண் மாறிவிட்டது. சிவப்புப் போய் மணல் கலந்த சாம்பல் நிறம் வரும். தென்மராட்சி. காணிகள் பெரிதாகும், மரம் அடர்ந்து நிழல் கூடும். பலா, மா, தென்னை, இடையிடையே பனங்கூடல். சாவகச்சேரி தொடக்கம் கொடிகாமம் வரை வேலிகளைப் பாருங்கள். மதிலும் தகரமும் கூடிவிட்டாலும், பூவரசங் கதியாலும் கிளுவையும் நட்டுப் பனையோலை அடைத்த வேலி இன்னும் தப்பியிருக்கும் பகுதி இது. வைகாசி, ஆனியில் மாமரங்களில் காய் தொங்குவது யன்னலிலிருந்தே தெரியும். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழுந்து கிடக்கும். மார்கழி, தையில் பனங்கிழங்குப் பாத்தி கிண்டுவார்கள். மாதத்துக்கு மாதம் வேறு காட்சி.

மிருசுவில், எழுதுமட்டுவாள் பக்கம் மரம் ஐதாகி வெளி திறக்கும். பளையை அண்டியதும் தென்னந்தோட்டங்கள் வரிசை பிடித்து வரும். வரிசைக்கு நேரே வரும் கணத்தில் தோட்டத்தின் மறுகரை வரை ஒரு நீண்ட சுரங்கம்போலத் திறந்து உடனே மூடும். கண்ணை அசைக்காமல் வைத்திருந்தால் அது ஒவ்வொரு வரிசைக்கும் நடக்கும். சிறுவர்களுக்கு மிகவும் பிடிக்கும். வலப்பக்கம் தூரத்தில் வெள்ளைக் காற்றாலைகள் தெரியத் தொடங்கும். கடனீரேரிக் கரையில் பொல்லுப்பளையிலும் வள்ளிமுனையிலும் நிற்பவை அவை. சோளகக் காலத்தில் நன்றாகச் சுழலும். காற்று மாறும் பங்குனி, ஐப்பசியை ஒட்டி நின்றுபோயும் இருக்கும். பளைக்குப் பிறகு வெண்மணலும் வடலியும்.

ஆனையிறவு

பளை விட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரில் மரங்கள் சட்டென்று ஒழியும். அப்போது எழுந்து நிற்க வேண்டும். குடாநாட்டையும் வன்னியையும் இணைக்கும் ஒடுங்கிய கழுத்து இது. பெருநிலத்திலிருந்து குடாநாட்டுக்கு யானைகள் ஓட்டிவரப்பட்ட வழி என்பதால்தான் பெயர். கண்டி வீதியும் தண்டவாளமும் இங்கே பக்கம் பக்கமாகப் போவதால் ஒரு யன்னலில் வாகனங்களும் மின்கம்பங்களும் குறுக்கிடும். ஆசனத்தில் ஒட்டிக்கொண்டிராமல் நடைபாதைக்கு வந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள்.

வலப்பக்கம் யாழ்ப்பாணக் கடனீரேரியின் கிழக்கு முனை. இடப்பக்கம் சுண்டிக்குளம் வரை நீளும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. கோடையில் பெரும்பகுதி வற்றித் தரவையாகிவிடும். கார்த்திகை தொடக்கம் பங்குனி வரை புலம்பெயர் பறவைகள் இறங்கும் காலம். தூரத்தில் தண்ணீரின் விளிம்பில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று கிடந்தால் அது பூநாரைக் கூட்டமாக இருக்கலாம். வண்டியின் குலுக்கத்தில் பத்து மடங்கு பெருக்கும் தொலைநோக்கி பயன்படாது, படம் துள்ளும். ஏழு அல்லது எட்டு மடங்கு போதும். முழங்கையை யன்னல் சட்டத்தில் ஊன்றாமல் உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், சட்டத்தில் ஊன்றினால் அதிர்வு முழுவதும் கண்ணுக்கு வரும். கூழைக்கடா, கொக்கு, நீர்க்காகம் என்றால் வெறுங்கண்ணே போதும்.

உப்பளத்தின் பாத்திகளை நிறத்தால் வாசிக்கலாம். கடல்நீரை முதலில் பெரிய தேக்கத்தில் விட்டு, வெயிலில் வற்ற வற்ற அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுவார்கள். செறிவு கூடக் கூட நிறம் மாறும். உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகிய பாத்தி செம்மை தட்டியிருக்கும். கடைசிப் பாத்தியில் உப்பு படிந்து வெண்மையாகும். வறண்ட மாதங்களில் குவித்து வைத்த உப்பு கூம்பு கூம்பாக நிற்கும். வாடைக்காற்றோடு மழை வந்துவிட்டால் எல்லாம் வெறும் தண்ணீர். அந்த மாதங்களில் உப்பைத் தேடிக் கண்ணை வருத்த வேண்டாம், பறவையைப் பாருங்கள்.

ஆனையிறவு நிலையம் பாடசாலை மாணவர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் மீளக் கட்டப்பட்டது. பல வண்டிகள் நிற்பதில்லை. போரின் அடையாளங்களும் நினைவுச்சின்னங்களும் வீதியோரத்தில் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் எல்லோருக்கும் இந்த இடம் ஒரே நினைவைத் தராது. சத்தம் போட்டு விளக்கம் சொல்வதைத் தவிர்ப்பது மரியாதை.

வன்னியும் அதற்கு அப்பாலும்

பரந்தன், கிளிநொச்சியில் வெளி முழுவதும் வயல். இரணைமடுத் தண்ணீர் பாயும் நிலம். குளம் கிழக்கே தள்ளியிருப்பதால் அதைத் தேட வேண்டாம்; வாய்க்கால்களைப் பாருங்கள். காலபோகத்தில் தை மாதமளவில் பொன்னிறமும், அறுவடைக்குப் பிறகு தாள் மேயும் மாட்டுக் கூட்டத்தின் பின்னால் வெள்ளைக் கொக்குகளும் இருக்கும். இப்போது இடியப்பப் பொதியைத் திறக்கலாம்.

முறிகண்டிக்குப் பிறகு காடு. கச்சான் விற்கிறவர் வந்தால் வாங்குங்கள். முறிகண்டிக் கச்சானுக்குப் பெயர் உண்டு. மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை வரை நீளும் இந்தத் துண்டில்தான் அதிகம் பேர் சலித்துவிடுகிறார்கள். தண்டவாளத்தை ஒட்டி இருப்பது இளம் பற்றைக்காடு, உண்மையான காடு அதற்குப் பின்னால். கரும்பச்சையாய், இலை நெருங்கி, குடைபோல் நிற்பது பாலை. நேராக உயர்ந்து மேலே கிளை பிரிவது முதிரை என்று நினைக்கலாம். சித்திரை, வைகாசியில் கொன்றை மஞ்சள் சரம் தொங்கவிட்டிருக்கும். மயில்களை மரத்தில் தேடாதீர்கள், வெட்டவெளியின் ஓரத்தில் தேடுங்கள். காலையில் பாதையை ஒட்டிய புல்லில் மேய வரும். ஒரு மணித்தியாலம் இப்படிப் பார்க்கப் பொறுமை இல்லாவிட்டால் நித்திரை கொள்ள வேண்டிய இடமும் இதுதான்; வவுனியாவில் எழும்புங்கள்.

மதவாச்சியில் வலப்பக்கமாகத் தலைமன்னார்ப் பாதை வந்து சேரும். அதற்குப் பின் இடப்பக்கம் தனியாக எழும் குன்று மிகிந்தலை. உச்சியில் வெள்ளைத் தூபி தெரிந்தால் சந்தேகம் வேண்டாம். உடனே வலப்பக்கம் திரும்பிவிடுங்கள், அநுராதபுரம் வருகிறது. தூபிகள் நகரத்துக்கு மேற்கே, மரங்களுக்கு மேலால் எட்டிப் பார்க்கும். வெள்ளையாக இருப்பது ருவன்வெலிசாய. செங்கல் நிறத்தில் பருமனாக இருப்பது ஜேதவனாராமய. நிலையத்துக்குள் நுழைந்தபின் கட்டடங்கள் மறைத்துவிடும், ஆகவே முன்னதாகப் பார்க்க வேண்டும்.

இனி இடப்பக்கம். தலாவ, தம்புத்தேகம, கல்கமுவ வழியாகக் குளமும் வயலுமாகப் போகும் பாதையில் கலா ஓயாவைக் கடப்பீர்கள். மாகோவை அண்டும்போது கிழக்கே தனிப்பாறையாக எழுவது யாப்பகுவ. 13ஆம் நூற்றாண்டில் புவனேகபாகு மன்னனின் தலைநகர். பாண்டியப் படையோடு வந்து, புத்தரின் புனிதப் பல்லான தந்ததாதுவை எடுத்துச் சென்றவனுக்குச் சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூல் தரும் பெயர் ஆரியச்சக்கரவர்த்தி. நல்லூரிலிருந்து ஆண்ட அரசர்களும் அதே பட்டப்பெயரைத்தான் தாங்கினார்கள். யாழ்ப்பாணத்து ஆளுக்கு இந்தப் பாறை வெறும் பாறையாகத் தெரியக்கூடாது. மாகோவில் மட்டக்களப்பு, திருகோணமலைப் பாதை இடப்பக்கமாக வந்து சேரும்.

தெதுரு ஓயாவைத் தாண்டிக் குருநாகல் வரும்போது ஆனைக்கல் இடப்பக்கம். 316 மீற்றர் உயரம்; மேலே வெள்ளைப் புத்தர் சிலை இருப்பதால் தப்ப முடியாது. நகரத்தைச் சுற்றியுள்ள மற்றப் பாறைகளுக்கும் ஆமை, முதலை என்று விலங்குப் பெயர்கள்தான். எந்தப் பாறை எது என்று ஊகிப்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

பொல்காவலையில் கண்டிப் பாதை வந்து சேர்ந்தபின் இரட்டைத் தண்டவாளம், எதிர்வண்டிகள், நெருங்கிய வீடுகள். எதிரே வண்டி வரும்போது காற்று யன்னலில் அறைவதால் கையையும் முகத்தையும் உள்ளே வைத்திருங்கள். களனி கங்கைப் பாலம் வந்தால் கொழும்பு கிட்டிவிட்டது. பொதிகளை இறக்கத் தொடங்கலாம்.

நாள் முழுவதும் ஒதுக்க முடியாதவர் கிளிநொச்சி வரை மட்டும் போய்த் திரும்பலாம். மூன்றாம் வகுப்பில் செலவும் குறைவு. போகும் வண்டியை மட்டும் பார்க்காமல் திரும்பும் வண்டியின் நேரத்தையும் நிலையத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். தவறினால் கண்டி வீதியில் பஸ் உண்டு, ஆனால் பஸ் யன்னலுக்கு உப்பாத்தியின் நிறம் இவ்வளவு துலக்கமாகத் தெரியாது.